பிளாக் பாக்ஸ் காலத்து நீட் ஃபார் ஸ்பீட்: உண்மையிலேயே அவ்வளவு நல்லதா, இல்லை பழைய பாசமா?

கூடுவாஞ்சேரி லோக்கல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நீட் ஃபார் ஸ்பீட் கார் ரேஸ் கேம் தொடரில் நான் முதலில் ஆடியது ஹீட், லாக்டவுன் சமயத்தில். அப்புறம் அன்பவுண்ட். இரண்டுமே பிடித்திருந்தது.

பொங்கலுக்கு அயனாவரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியப்பா மகன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் லேப்டாப்பில் அன்பவுண்ட் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கேமாடா? 2003லேர்ந்து 2006 வரைக்கும் வந்ததுதான்டா நீட் ஃபார் ஸ்பீட். மத்ததெல்லாம் பேரை வெச்சு ஓட்டறானுங்க" என்று ஆரம்பித்தவர், இலை போட்டு உட்கார்ந்த பிறகும் விடவில்லை. பெரியம்மா பாயசத்தை ஊற்றி அவர் வாயை அடைக்க வேண்டியிருந்தது.

அவருடைய பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து 2005 மோஸ்ட் வான்டடை எடுத்துப் போட்டேன். அரை மணி நேரம்தான் தாக்குப்பிடித்தேன். டிகாஷனைத் தட்டிவிட்ட மாதிரி ஊரே மஞ்சளாக இருக்கிறது. ஆரம்பத்தில் அருமையான பிஎம்டபிள்யூ ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். நாலைந்து ரேஸ் ஓட்டியதும் அதைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு சின்ன காரை வாங்கவைத்து, பதினைந்து பேரை வரிசையாக ஜெயித்துவா என்கிறார்கள். மூடிவிட்டேன். அண்ணனிடம் சொன்னதற்கு, ஏதோ குலதெய்வத்தைத் திட்டிய மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஆடியவர்கள் சொல்லுங்கள். அந்த வரிசை உண்மையிலேயே நல்லதா? இல்லை, பதினைந்து வயதில் எதை ஆடினாலும் நல்லதாகத்தான் தெரியுமா? ஒன்றே ஒன்று ஆட வேண்டுமென்றால் எது?

---

ரிவர்ஸ் கியர் எழுதியது:

முக்கால்வாசி பழைய பாசம்தான், சந்தேகமே வேண்டாம். மோஸ்ட் வான்டடில் நீங்கள் எவ்வளவு முன்னால் போனாலும் பின்னால் வருகிறவன் ரப்பர் கயிறு கட்டி இழுத்த மாதிரி வந்து ஒட்டிக்கொள்வான். கடைசி வளைவில் ஒரே ஒரு இடி. ஐந்து நிமிட உழைப்பு காலி. இதைத்தான் "சவால்" என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

பழையதுதான் வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போங்கள். 2000-இல் வந்த போர்ஷே அன்லீஷ்ட். ஒரே கம்பெனி கார்தான், 1950களின் போர்ஷேயில் தொடங்கி 2000 வரைக்கும் வருடவாரியாக ஓட்டிக்கொண்டே வரலாம். வளைவில் எப்போது காலை எடுக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அண்டர்கிரவுண்ட் வந்த அன்றைக்கே எனக்கு இந்தத் தொடர் முடிந்துவிட்டது. காருக்கு அடியில் கலர் டியூப்லைட் கட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் ரேஸா, ஆடி மாசத் திருவிழாவா?

---

பெரம்பூர் பழைய பிரவுசிங் எழுதியது:

தம்பி, இங்கே பதில் எழுதுகிற மற்றவர்கள் எல்லோரும் ஆடியவர்கள். நான் ஆடியது கொஞ்சம், பார்த்தது அதிகம். 2003 முதல் 2009 வரை பெரம்பூரில் எட்டு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மெயில், ரிசல்ட், சாட்டிங் என்று வருகிறவர்களுக்கு மணிக்கு 15 ரூபாய். ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் சிஸ்டத்துக்கு மட்டும் 20. அந்த இரண்டில்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 கார்டு இருந்தது. மற்றதெல்லாம் ஆன்போர்டு, சொலிட்டேர் போட்டாலே யோசிக்கும். ஆகவே நான் சொல்லப்போவது கல்லாவில் உட்கார்ந்தவனின் கணக்கு. யார் எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் இருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். அவர் சொல்வது நாலு கேம். அண்டர்கிரவுண்ட், அண்டர்கிரவுண்ட் 2, மோஸ்ட் வான்டட், கார்பன். 2003லிருந்து வருடத்துக்கு ஒன்று, தீபாவளியை ஒட்டி அங்கே வெளியாகும், நமக்குப் பர்மா பஜார் வழியாகப் பொங்கலுக்குள் வந்து சேரும். (அசல் சிடி வாங்கும் வசதி எனக்கும் இல்லை, என் கஸ்டமருக்கும் இல்லை. மறைத்துப் பேச ஒன்றுமில்லை.) நாலையும் செய்தது கனடாவில் வான்கூவர் பக்கம் இருந்த ஈஏ பிளாக் பாக்ஸ். ஆனால் 2007-இல் புரோஸ்ட்ரீட், 2008-இல் அண்டர்கவர் என்று அதற்கப்புறம் வந்தவற்றைச் செய்ததும் அவர்கள்தான். அவற்றை யாரும் பொற்காலத்தில் சேர்ப்பதில்லை. அதனால் கம்பெனிக்குக் கும்பிடு போடுவதில் அர்த்தமில்லை. அந்த நாலு வருடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய கேம்களில் ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே. பார்க்க அழகுதான். ஆனால் பெரம்பூர் பையனுக்கு ஃபெராரியும் ராக்கெட்டும் ஒன்று, இரண்டையும் அவன் காலண்டரில்தான் பார்த்திருக்கிறான். அண்டர்கிரவுண்டில் வந்தவை ஹோண்டா சிவிக், ஃபோர்டு ஃபோகஸ், மிட்சுபிஷி லேன்சர், ஹூண்டாய் டிபுரான். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்போது லேன்சர் நம் திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில். ஃபோர்டு மறைமலைநகரில். அதே மாடல் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் வண்டி மூக்கில் இருந்த முத்திரை ஒன்றுதான். கடை வாசலில் ஒரு லேன்சர் நின்றால் உள்ளே இருந்து மூன்று பையன்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். சைலன்சரை எட்டிப் பார்த்து, "ஸ்டாக்குதான்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்து உட்கார்வான் ஒருவன். அவன் அப்பாவிடம் இருந்தது ஒரு டிவிஎஸ் 50.

அண்டர்கிரவுண்ட் 2 வந்தபோது என் வியாபாரமே மாறியது. முதல் பாகத்தில் ஊர் கிடையாது, ரேஸ் முடிந்தால் மெனு. இதில் பேவியூ என்று முழு ஊர். ராத்திரி, மழை நனைத்த ரோடு. ரேஸ் எங்கே நடக்கிறது, எந்தச் சந்தில் எந்தக் கடை இருக்கிறது என்று நாமே ஓட்டிக்கொண்டு போய்த் தேட வேண்டும். சில கடைகள் மேப்பிலேயே இருக்காது. ஒரு பையன் கண்டுபிடித்தால் பக்கத்து சிஸ்டத்துக்காரனுக்குச் சொல்ல மாட்டான், ஏதோ புதையல் மாதிரி. வண்டியை அலங்கரிக்காவிட்டால் கதை நகராது. நட்சத்திர மதிப்பு ஏற வேண்டும், பத்திரிகை அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போக வேண்டும்.

ஓட்டேரியில் டிங்கரிங், பெயிண்டிங் கடை வைத்திருந்தவரின் மகன் ஒருவன் வருவான். ஞாயிற்றுக்கிழமை மதியம், நகத்தில் பிரைமர் ஒட்டியிருக்கும். இரண்டு மணி நேரம், 40 ரூபாய். ரேஸில் அவனுக்கு ஆசையே இல்லை. பெயிண்டுக்குக் காசு சேரும் அளவுக்கு மட்டும் ரேஸ் ஓட்டுவான். மீதி நேரமெல்லாம் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்த மெட்டாலிக் ப்ளூவுக்கு மேல வெள்ளைக் கோடு போட்டா எடுக்காது, வெள்ளிதான் எடுக்கும், எங்கப்பாகிட்ட கேளுங்க" என்றான். ரிவர்ஸ் கியர் சார் திருவிழா என்று கிண்டல் செய்கிறார். திருவிழாதான். தேரை இழுப்பதைவிட அலங்காரம் செய்வதில் ஆசை உள்ளவனும் ஊரில் இருப்பான் அல்லவா.

அடுத்து மோஸ்ட் வான்டட். தம்பி, நீங்கள் குறையாகச் சொன்னதுதான் அந்த கேமின் உயிர். பிஎம்டபிள்யூவைக் கொடுத்துப் பிடுங்குகிறார்கள் என்றீர்களே. ரேசர் என்பவன் ஏமாற்றி வண்டியைப் பறித்துக்கொண்டு, அதே வண்டியை ஓட்டியே பதினைந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குப் போய்விடுகிறான். நம் கையில் ஃபியட் புன்ட்டோவோ கோல்ஃபோ வாங்குகிற அளவுக்குத்தான் காசு. உங்கள் வண்டியை எவனோ ஓட்டிக்கொண்டு திரிகிறான் என்ற எரிச்சல் ஒன்று போதும், ஒரு பையனை மூன்று மாதம் என் நாற்காலியில் உட்காரவைக்க.

அப்புறம் போலீஸ். சும்மா துரத்துகிற போலீஸ் இல்லை. மாட்டினால் அபராதம், வண்டிமேல் ஒரு குறி. கட்டம் மூன்றும் நிறைந்தால் வண்டி போயே போச்சு. ரேடியோவில் அவர்கள் பேசிக்கொள்வது கேட்கும். எங்கே தடுப்பு போடுகிறார்கள், எப்போது ஆணிப்பட்டை விரிக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்கிற பையன்கள் அந்த அமெரிக்கப் போலீஸ் ரேடியோவை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டார்கள். ஒரு டோனட் கடை வரும். அதன் தலையில் ஒரு பெரிய டோனட் பொம்மை. இடித்துவிட்டுப் போனால் அது பின்னால் வருகிற போலீஸ் வண்டிமேல் உருண்டு விழும். அன்றைக்கு எங்கள் பக்கம் டோனட்டை யார் பார்த்தது? எல்லோருக்கும் அது வடைக்கடை. "டேய், வடைக்கடைக்கு இழுத்துட்டு வாடா" என்று பின்னால் நிற்கிறவன் கத்துவான்.

இதில் எனக்கு வந்த தலைவலியைச் சொல்ல வேண்டும். துரத்தல் நடக்கும்போது சேவ் பண்ண முடியாது. பாதியில் விட்டால் அதுவரை சேர்த்த பவுண்டி (போலீஸைத் துரத்தவைத்துச் சேர்க்கும் புள்ளி) போச்சு. பையனுக்கு ஒரு மணி நேரம் முடிந்திருக்கும், அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நிற்பான். ஆனால் திரையில் பத்து போலீஸ் வண்டி, மேலே ஹெலிகாப்டர். எப்படி எழுந்திரு என்று சொல்வது? எனக்கே மனசு வராது, நானும் நின்று பார்ப்பேன். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: போலீஸ் துரத்தும்போது டைம் கட் பண்ண மாட்டேன், தப்பித்ததும் எழுந்துவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது. எல்லோரும் ஐம்பத்தெட்டாவது நிமிஷம் வரை ஒழுங்காக ரேஸ் ஓட்டுகிறார்கள், சரியாக அந்த நேரத்தில் போய் நின்றுகொண்டிருக்கிற ஒரு போலீஸ் வண்டியை இடிக்கிறார்கள். அப்புறம் நாற்பது நிமிஷம் ஓசி. ஒன்பதாவது படிக்கிற பையன்கள் என்னை இப்படி ஏமாற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறம் கால் மணிக்கு 5 ரூபாய் என்று போர்டில் எழுதினேன்.

இன்னொன்று சேவ் பிரச்சனை. வைரஸ் ஏறாமலிருக்க எல்லா சிஸ்டத்திலும் டீப் ஃப்ரீஸ் போட்டிருந்தேன். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி சுத்தமாகிவிடும். பையன்கள் ஆடிய கணக்கும் சேர்ந்து சுத்தம். முதல் வாரத்தில் ஒருவன் பன்னிரண்டாம் ஆள்வரை போயிருந்தான். மறுநாள் வந்து பார்த்தால் பெயரே இல்லை. அவன் என்னைத் திட்டவில்லை. கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான், அது இன்னும் சங்கடமாக இருந்தது. அன்று முதல் ராத்திரி ஷட்டர் இறக்குவதற்குமுன் மை டாக்குமெண்ட்ஸிலிருந்து அந்த ஃபோல்டரை 128 எம்பி பென் டிரைவில் எடுத்துவைப்பேன், காலையில் சாம்பிராணி போட்ட கையோடு திரும்பப் போடுவேன். 'தல', 'தல1', 'தல007' என்று பதினேழு பெயர் இருந்த காலம் உண்டு. கரண்ட் போனால் யுபிஎஸ் ஆறு, ஏழுக்குத்தான் முதலில். மெயில் அடிக்கிறவர் திரும்ப அடித்துக்கொள்வார்.

குறை இல்லாமலா? இருக்கிறது. ரப்பர் கயிறு விஷயம் உண்மை. டிராக் ரேஸில் (நேர்கோட்டில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுவது) எதிரே லாரி வந்தால் முடிந்தது, அதில் திறமைக்கு வேலையே இல்லை. ஆறாம் ஆளைத் தாண்டியபின் செய்ததையே திரும்பச் செய்யவேண்டியிருக்கும். பாதிப் பையன்கள் அங்கேதான் விட்டார்கள். மஞ்சள் கலர் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மானிட்டர்களே பழசாகி மஞ்சளடித்துப் போயிருந்ததால் கேமில் அப்படி இருக்கிறது என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

கார்பனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலைப்பாதையில் இரண்டே பேர் மோதுகிற கேன்யன் ரேஸ் மட்டும் நன்றாக இருந்தது, அது ஓடும்போது கடையே அமைதியாகிவிடும். ஆனால் கதை சின்னது. ஒரு பையன் சனிக்கிழமை ஆரம்பித்து அடுத்த வாரமே முடித்துவிட்டான். கல்லாவுக்கு நஷ்டம். புரோஸ்ட்ரீட்டில் ஊரும் இல்லை, போலீஸும் இல்லை, பகல் வெளிச்சத்தில் மைதானத்தில் ரேஸ். இரண்டு நாள் பார்த்துவிட்டு எல்லோரும் மோஸ்ட் வான்டடுக்கே திரும்பினார்கள். 2009-இல் கடையை மூடி சிஸ்டங்களை விற்றபோது ஆறாம் நம்பரின் டெஸ்க்டாப்பில் அந்த ஐகான் அப்படியே இருந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். என் மகன் இப்போது ஃபோர்ஸா ஹொரைஸன் 5 ஆடுகிறான். சக்கரம் ஒன்று சுற்றுகிறது, கார் வந்து விழுகிறது. நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறான், ஒன்றின் பெயரும் அவனுக்கு நினைவில்லை. அந்த நாலு கேமில், முக்கியமாக நடுவில் வந்த இரண்டில், காசு எப்போதும் போதாது. வண்டி கிடைக்க நாளாகும், கிடைத்தால் போய்விடுமோ என்று பயம் இருக்கும். வெளியே 20 ரூபாய்க்கு அல்லாடுகிறவனுக்கு உள்ளேயும் அதே அல்லாட்டம். அதனால்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். அன்பவுண்டில் போலீஸிடம் மாட்டினால் கையில் இருக்கிற காசு போய்விடுகிறது என்று மகன் காட்டினான். அது சரியான வழி. அதனால் புதியது எல்லாம் குப்பை என்கிற உங்கள் அண்ணன் கட்சியில் நான் இல்லை.

உங்கள் அண்ணன் அயனாவரம் என்கிறீர்கள், எங்கள் கடைக்கு நடந்து வருகிற தூரம்தான். அவரிடம் ஐம்பத்தெட்டாவது நிமிஷம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

---

வில்லிவாக்கம் நைட் ஷிஃப்ட் எழுதியது:

பெரம்பூர் அண்ணா எழுதியதில் பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவர் கணக்கில் வராத ஒரு கூட்டம் உண்டு. நாங்கள் பிரவுசிங் சென்டர் பக்கமே போனதில்லை. போனாலும் ஒரு பிரிண்ட் அவுட்டுக்கு, அதுவும் தம்பி துணையோடு.

வீட்டில் தம்பிக்கு வாங்கிய சிஸ்டத்தில்தான் ஆடினேன். தம்பி டியூஷன் போகிற ஒன்றரை மணி நேரம் என்னுடையது. எனக்கு அண்டர்கிரவுண்ட் 2தான் எல்லாம். மோஸ்ட் வான்டட் வந்தபோது ஆடிப் பார்த்தேன், சலித்துவிட்டது. ஏன் எப்போது பார்த்தாலும் யாராவது துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்? பேவியூவில் போலீஸ் கிடையாது. ஏர்போர்ட்டிலிருந்து ரேச்சல் என்பவளின் நிஸான் 350இசட் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வருவோமே, அதுதான் ஆரம்பம். அப்புறம் ராத்திரி முழுக்க நம் இஷ்டம். ரேஸுக்குப் போகாமல் மேட்டுப்பக்கம் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு ஊர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டோர்ஸ் என்ற பேண்டின் பாட்டை ஸ்னூப் டாக் கலந்து பாடியது ஓடும். ஏழு மணிக்குமேல் பால் வாங்கக்கூட என்னை அனுப்பாத வீடு அது.

மோஸ்ட் வான்டடில் வரும் ராக்போர்ட் எனக்கு ஊராகத் தெரியவே இல்லை. ஓடி ஒளிவதற்காகக் கட்டிய இடம். பேவியூவில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வேன். இன்றைக்கும் ஷிஃப்ட் முடிந்து விடிகாலை மூன்று மணிக்கு ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் தாண்டி வரும்போது, மழை பெய்து ரோடு பளபளவென்று இருந்தால், கை தானாக ஸ்டீரியோ பக்கம் போகும். வேகம் எல்லாம் இல்லை, அறுபதுதான். ஆல்டோ வேறு.

ஒன்று மட்டும் பெரம்பூர் அண்ணாவுக்கு. கார்பனை இப்படி இரண்டு வரியில் தள்ளியது அநியாயம். மஸில், டியூனர், எக்ஸாட்டிக் என்று மூன்று ஜாதி வண்டி, மூன்றும் ஓட்டத்தில் வேறு வேறாக இருக்கும். ஆட்டோஸ்கல்ப்ட்டில் பம்பரைக் களிமண் மாதிரி இழுத்து வளைக்கலாம். மோஸ்ட் வான்டடில் தூக்கிவிட்ட டிரிஃப்டை, அதாவது வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டுவதை, திரும்பக் கொண்டுவந்ததும் அதுதான். டிராக் ரேஸை எடுத்துவிட்டார்கள், அது போகட்டும். கதை சின்னது என்பது கடை வைத்திருப்பவருக்குத்தான் குறை. ஒன்றரை மணி நேரத்தில் மூச்சுவிடுகிறவளுக்கு அது வசதி.

---

ரிவர்ஸ் கியர் எழுதியது:

பெரம்பூர் அண்ணா, திருவிழா விஷயத்தில் தோற்றேன். அந்த டிங்கரிங் பையன் சொன்னது சரி, நீலத்துக்கு மேல் வெள்ளிதான் எடுக்கும். மற்றபடி டிராக் ரேஸில் லாரி வருவதை நீங்களே ஒத்துக்கொண்டதால் பாதி வெற்றி எனக்கு.

2024-இல் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு ராத்திரி ஃபார்முலா 4 ரேஸ் நடந்ததே, அதற்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற நாற்பது வயது ஆள் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் ரோட்டைப் பார்த்துவிட்டு, "அப்படியே அண்டர்கிரவுண்டு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் அதுதான் தோன்றியது.

---

கூடுவாஞ்சேரி லோக்கல் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மூடிவைத்ததைத் திரும்பத் திறந்து ஆட ஆரம்பித்தேன். கோல்ஃப் எடுத்தேன். பதினைந்தாவது சன்னியும் கோல்ஃப்தான் வைத்திருக்கிறான், தெரியாமல் எடுத்துவிட்டேன். அவனை ஜெயித்தேன். பதினாலாவது டாஸ் வைத்திருக்கிற லெக்ஸஸ் ஐஎஸ்300 வேண்டும் என்று ஆசை. ஜெயித்தபின் சீட்டு எடுக்கச் சொல்கிறார்களே, அதில் வண்டி வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஹாஸ்டலில் பக்கத்து ரூமிலிருந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நேற்று வடைக்கடையை இரண்டு தடவை இடித்தேன். இரண்டாவது தடவை நானே அடியில் மாட்டிக்கொண்டேன், குறி ஒன்று விழுந்துவிட்டது. இப்போது போலீஸ் வண்டியைப் பார்த்தாலே சந்தில் திருப்பிவிடுகிறேன்.

அண்ணனிடம் ஐம்பத்தெட்டு என்று சொன்னேன். போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். ஆனால் உங்கள் கடைக்கு வந்ததில்லையாம். அவர் போனது அயனாவரத்திலேயே வேறு ஒரு கடை. அங்கே ஓனர் பேசவே மாட்டாராம், நேரம் முடிந்தால் வந்து மானிட்டர் சுவிட்சை அணைத்துவிடுவாராம். திரை இருட்டாக இருக்கும்போதே சத்தத்தை மட்டும் கேட்டு ஒருமுறை போலீஸிடமிருந்து தப்பித்தேன் என்கிறார். இதை நம்புவதா வேண்டாமா?

இன்னொரு சந்தேகம். ஹாஸ்டல் நண்பனும் ஆட வேண்டும் என்கிறான். ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கலாம் என்று தேடினால் மோஸ்ட் வான்டட் இருக்கிறது, ஆனால் படத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

---

பெரம்பூர் பழைய பிரவுசிங் எழுதியது:

சீட்டில் வண்டி வராவிட்டால் என் கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா? சேவ் ஆவதற்குள் ஆல்ட் எஃப்4 அடித்துவிட்டு முதலிலிருந்து ரேஸ் ஓட்டுவார்கள். கீபோர்டில் அந்த இரண்டு பட்டனும்தான் முதலில் தேயும். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், டாஸ் வண்டி இல்லாமலே போகலாம். பத்தாவது ஆள் பாரன் என்பவனிடம் போர்ஷே கேமன் எஸ் இருக்கிறது, அதற்கு ஆசைப்படுங்கள்.

நண்பரிடம் உடனே சொல்லுங்கள், வாங்கிவிடப் போகிறார். ஆன்லைனில் கிடைப்பது 2012-இல் அதே பெயரில் கிரைட்டீரியன் என்ற வேறு கம்பெனி செய்தது. ஊர் ஃபேர்ஹேவன். அதில் ரேசரும் கிடையாது, வடைக்கடையும் கிடையாது. கார்கள் ஊர் முழுக்க ரோட்டோரத்தில் நிற்கும், பக்கத்தில் போனால் எடுத்துக்கொள்ளலாம். மோசமான கேம் இல்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. கார்பன், அண்டர்கவர் இரண்டையும் 2021-லேயே ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய டிவிடி யாரிடமாவது இருந்தால் உண்டு. உங்கள் லேப்டாப்பில் வண்டி அகலமாக நசுங்கித் தெரிந்தால் அது நான்குக்கு மூன்று மானிட்டருக்குச் செய்தது என்பதால்தான், வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் ஒன்று இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

சேவ் ஃபோல்டரை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். மை டாக்குமெண்ட்ஸில்தான் இருக்கும்.

வில்லிவாக்கம் அம்மா, கார்பன் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். என் கார்டில் அது விட்டு விட்டுத்தான் ஓடும், அதனால் நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

மானிட்டரை அணைத்த பிறகும் தப்பித்தேன் என்கிறாரே உங்கள் அண்ணன், நம்பலாம். சைரன் கேட்காவிட்டால் கூல்டவுன் (போலீஸ் கண்ணில் படாமல் பதுங்குகிற நேரம்), கேட்டால் ஓட்டு. ஸ்பீக்கரையும் சேர்த்து அணைக்காதது அந்தக் கடைக்காரர் தப்பு.